வேறு சர்வரில் உள்ள வெப்.கான்ஃபிக்கை யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுத்துக் கோடில் திறப்பது எப்படி?

கதிர்_பொள்ளாச்சி · 8 பிப்ரவரி 2021, இரவு 9:12

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் 14 விண்டோஸ் சர்வர்கள். ஒவ்வொன்றிலும் ஐஐஎஸ்ஸில் (விண்டோஸின் வெப் சர்வர்) இரண்டு மூன்று ஏஎஸ்பி.நெட் தளங்கள். போன மாதம் டேட்டாபேஸைப் புது மெஷினுக்கு மாற்றினார்கள். எல்லாத் தளத்தின் வெப்.கான்ஃபிக் என்ற செட்டிங்ஸ் ஃபைலிலும் கனெக்ஷன் ஸ்ட்ரிங்கை (டேட்டாபேஸ் எங்கே என்று சொல்லும் வரி) மாற்றியாயிற்று என்கிறார்கள். பழைய மெஷினை அணைப்பதற்கு முன் நிஜமாகவே மாற்றியாயிற்றா என்று பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு சர்வராக ரிமோட் டெஸ்க்டாப்பில் போய் நோட்பேடில் திறக்கப் பொறுமை இல்லை. சின்னதாக ஒரு சி ஷார்ப் கன்சோல் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.7.2. வெப்கான்ஃபிகரேஷன்மேனேஜரில் ஓபன்வெப்கான்ஃபிகரேஷன் என்று ஒரு மெத்தட் இருக்கிறதே, அதில் ஆறு பாராமீட்டர் வாங்கும் வடிவம். பாத், சைட், லொகேஷன் சப்பாத், சர்வர், யூசர்நேம், பாஸ்வேர்ட். பாத் இடத்தில் சி டிரைவில் தளம் இருக்கும் ஃபோல்டரைக் கொடுத்தேன். சைட்டுக்கும் சப்பாத்துக்கும் நல், அதாவது வெற்று மதிப்பு. சர்வர் பெயர், டொமைன் அட்மின் பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் சரி. ஆனால் "ரிலேடிவ் வர்ச்சுவல் பாத் இங்கே அனுமதிக்கப்படாது" என்று எரர். பாஸ்வேர்ட் தப்பு என்றாலாவது புரியும். இது என்ன?

பழையசர்வர் · 8 பிப்ரவரி 2021, இரவு 9:40

தம்பி, பாஸ்வேர்ட் வரைக்கும் அது இன்னும் போகவே இல்லை. முதல் பாராமீட்டர் ஃபோல்டர் முகவரி இல்லை, ஐஐஎஸ்ஸுக்குத் தெரிந்த வர்ச்சுவல் பாத். தளத்தின் வேர் என்றால் ஒரு சாய்கோடு மட்டும். அதன் கீழே பில்லிங் என்று ஒரு அப்ளிகேஷன் இருந்தால் சாய்கோடு போட்டு பில்லிங். எந்தத் தளம் என்பதை இரண்டாவது பாராமீட்டரில் சொல்ல வேண்டும், ஐஐஎஸ்ஸில் தெரிகிற பெயரை அப்படியே. நல் விட்டால் டீஃபால்ட் தளத்தை எடுத்துக்கொள்ளும். மூன்று தளம் ஓடுகிற சர்வரில் நல் விட்டுவிட்டு, தப்பான தளத்தின் கான்ஃபிக்கைப் படித்து "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று ரிப்போர்ட் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதை மாற்றிவிட்டு வந்து அடுத்த எரரைச் சொல்லுங்கள். அடுத்து ஒன்று கண்டிப்பாக வரும்.

கதிர்_பொள்ளாச்சி · 8 பிப்ரவரி 2021, இரவு 10:05

வந்துவிட்டது அண்ணா. "ஆர்பிசி சர்வர் கிடைக்கவில்லை", எண் 800706பிஏ. பிங் அடித்தால் சர்வர் பதில் சொல்கிறது. பிரவுசரில் தளமும் திறக்கிறது.

நள்ளிரவு_நிர்வாகி · 8 பிப்ரவரி 2021, இரவு 11:31

பிரவுசர் போவது 80, 443 போர்ட்கள் வழியாக. இந்த மெத்தட் போவது டிகாம் வழியாக, அதாவது வேறு மெஷினில் இருக்கும் ஆப்ஜெக்டை நெட்வொர்க் வழியாக அழைக்கும் விண்டோஸ் முறை. 2005-இல் டாட்நெட் 2.0-வோடு வந்தது, அந்தக் காலத்துப் பழக்கம் அது. முதலில் 135-ஆம் போர்ட்டில் போய் "அந்த காம் ஆப்ஜெக்ட் எங்கே?" என்று கேட்கும். சர்வர் ஒரு டைனமிக் போர்ட்டைக் கையில் கொடுத்து அங்கே வரச் சொல்லும். விண்டோஸ் சர்வர் 2008 முதல் அந்த வரம்பு 49152 முதல் 65535 வரை. 2003 காலத்தில் 1025 முதல் 5000. 135-ஐ மட்டும் திறந்துவிட்டு "ஃபயர்வால் திறந்தாயிற்று" என்று டிக்கெட்டை மூடுவது எங்கள் இனத்தின் பழைய வழக்கம். நானும் செய்திருக்கிறேன்.

உங்கள் ஊர் நெட்வொர்க் ஆள் இந்த வரம்பு முழுவதையும் திறக்க ஒப்புக்கொள்ள மாட்டார். ஒப்புக்கொள்ளவும் கூடாது. உங்கள் கன்சோல் ஓடும் ஒரே ஐபிக்கு மட்டும் திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கதிர்_பொள்ளாச்சி · 9 பிப்ரவரி 2021, மதியம் 1:18

நெட்வொர்க் அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து என் மெஷின் ஐபிக்கு மட்டும் திறந்துவிட்டேன். இப்போது 80040154, "கிளாஸ் ரெஜிஸ்டர் ஆகவில்லை". கூகுளில் பார்த்து ஏஎஸ்பிநெட்_ரெக்ஐஐஎஸ் கட்டளையை கான்ஃபிக் பிளஸ் ஆப்ஷனோடு ஓட்டினேன். வெற்றி என்றுதான் சொன்னது. ஆனாலும் அதே எரர்.

பழையசர்வர் · 9 பிப்ரவரி 2021, மதியம் 1:26

எந்த மெஷினில் ஓட்டினீர்கள்?

கதிர்_பொள்ளாச்சி · 9 பிப்ரவரி 2021, மதியம் 1:27

என் லேப்டாப்பில்... சரி, புரிந்துவிட்டது.

பழையசர்வர் · 9 பிப்ரவரி 2021, மதியம் 1:49

எல்லோரும் முதல் தடவை அங்கேதான் ஓட்டுவார்கள். அதை ஓட்ட வேண்டியது யாருடைய கான்ஃபிக்கைப் படிக்கப் போகிறோமோ அந்த சர்வரில். கான்ஃபிக் பிளஸ் என்பது அங்கே ஒரு காம் ஆப்ஜெக்டைப் பதிவு செய்து, "வெளியிலிருந்து யாராவது கான்ஃபிக் கேட்டால் இது பதில் சொல்லும்" என்று உட்கார வைக்கிறது. இயல்பாக அது மூடியே இருக்கும். வேலை முடிந்ததும் கான்ஃபிக் மைனஸ் போட்டு எடுத்துவிடலாம், எடுத்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். சர்வர் 64 பிட் என்றால் ஃப்ரேம்வொர்க்64 ஃபோல்டருக்குள் போய், வி4.0.30319 என்ற ஃபோல்டரில் இருக்கும் கட்டளையை ஓட்டுங்கள். விஷுவல் ஸ்டூடியோவில் உங்கள் ப்ராஜெக்ட்டில் "ப்ரிஃபர் 32 பிட்" டிக்கை எடுத்துவிடுங்கள். இந்தப் பக்கம் 32, அந்தப் பக்கம் 64 என்று கலந்து வைத்து நான் ஒரு மதியம் முழுக்கத் தொலைத்தேன். இரண்டையும் ஒரே பிட்டில் வைத்ததும் 80040154 போய்விட்டது.

அப்புறம், எரர் மாறுகிறதே என்று பயப்பட வேண்டாம். முதலில் பாத், அடுத்து ஆர்பிசி, இப்போது கிளாஸ். ஒவ்வொரு கதவாகத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஒரே எரர் மூன்று நாள் அசையாமல் நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

கதிர்_பொள்ளாச்சி · 9 பிப்ரவரி 2021, மாலை 5:02

11 சர்வரில் ஓடிவிட்டது! ஆனால் இரண்டு சந்தேகம்.

முதலாவது, டொமைனில் சேராத மூன்று சர்வர்கள் தனி நெட்வொர்க்கில் இருக்கின்றன. அங்கேயும் இதே வேலை எல்லாம் செய்தேன். 80070005, அனுமதி மறுப்பு. அங்கே இருக்கும் லோக்கல் யூசர் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில்தான் இருக்கிறார். அதே யூசரில் ரிமோட் டெஸ்க்டாப் போனால் எல்லாம் செய்ய முடிகிறது.

இரண்டாவது, எந்த சர்வரைத் திறந்தாலும் கனெக்ஷன் ஸ்ட்ரிங் பட்டியலில் லோக்கல்எஸ்கியூஎல்சர்வர் என்று ஒன்று வருகிறது. எஸ்கியூஎல் எக்ஸ்பிரஸைக் காட்டுகிறது. நாங்கள் எக்ஸ்பிரஸ் எங்கேயும் போட்டதில்லை. யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா என்று ஒரு நிமிடம் பயந்துவிட்டேன்.

நள்ளிரவு_நிர்வாகி · 9 பிப்ரவரி 2021, இரவு 11:55

முதலாவதற்கு நான். விஸ்டா, 2008 காலத்தில் யூஏசி (அட்மின் வேலைக்கு முன் அனுமதி கேட்கும் பாதுகாப்பு) வந்த பிறகு, ஒரு லோக்கல் அட்மின் நெட்வொர்க் வழியாக உள்ளே வந்தால் விண்டோஸ் அவருடைய அட்மின் பவரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் விடும். ரிமோட் டெஸ்க்டாப்பில் வந்தால் நேரில் உட்கார்ந்த மாதிரி, அதனால் அங்கே வேலை நடக்கிறது. டொமைன் யூசருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பிறவியிலேயே வரும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்கும் இயல்பாக இல்லை. நாம் உருவாக்கிய லோக்கல் அட்மினுக்கு மட்டும்தான் இந்த மரியாதை. இந்த மெத்தடுக்கோ எதிர்ப் பக்கத்தில் முழு அட்மின் வேண்டும், படிக்க மட்டும்தானே என்றாலும் விடாது.

ரெஜிஸ்ட்ரியில் லோக்கல்அக்கவுன்ட்டோக்கன்ஃபில்டர்பாலிசி என்று ஒரு மதிப்பை 1 ஆக்கினால் கட்டுப்பாடு போய்விடும். ஆனால் அந்தக் கட்டுப்பாடு காரணமில்லாமல் வைத்தது இல்லை. மூன்று மெஷினிலும் ஒரே லோக்கல் பாஸ்வேர்ட் என்றால் (நிச்சயம் ஒரே பாஸ்வேர்டாகத்தான் இருக்கும்) ஒன்றை உடைத்தவன் மூன்றிலும் புகுந்துவிடுவான். போட்டால் வேலை முடிந்ததும் மறக்காமல் எடுங்கள்.

யூசர்நேமை மெஷின் பெயர், பின்சாய்கோடு, யூசர் என்ற வடிவில் கொடுக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

பழையசர்வர் · 10 பிப்ரவரி 2021, காலை 7:10

இரண்டாவது சந்தேகத்துக்கு: யாரும் புகவில்லை. அது மெஷின்.கான்ஃபிக்கில் மைக்ரோசாஃப்ட்டே எழுதி வைத்த வரி. ஏஎஸ்பி.நெட் கான்ஃபிக் என்பது ஒரு ஃபைல் இல்லை, அடுக்கு. உச்சியில் மெஷின்.கான்ஃபிக், அதன் கீழே அதே ஃபோல்டரில் இருக்கும் பொது வெப்.கான்ஃபிக், அதன் கீழே தளத்தின் வேரில் இருப்பது, கடைசியில் உங்கள் அப்ளிகேஷனுடையது. இந்த மெத்தட் நான்கையும் அந்த சர்வரிலிருந்தே வாங்கி, கூட்டிக் கழித்துக் காட்டுகிறது. அப்ளிகேஷன் ஓடும்போது அதன் கண்ணுக்கு எது தெரிகிறதோ அதுதான் உங்களுக்கும் தெரியும்.

எந்த வரி எந்த ஃபைலிலிருந்து வந்தது என்று தெரிய, ஒவ்வொரு கனெக்ஷன் ஸ்ட்ரிங்கின் எலிமென்ட்இன்ஃபர்மேஷனிலும் சோர்ஸ் என்ற ப்ராப்பர்ட்டியை அச்சிட்டுப் பாருங்கள்.

சும்மா_எட்டிப்பார்த்தவன் · 10 பிப்ரவரி 2021, காலை 9:33

ஒரு ஃபைலைப் படிக்க இவ்வளவு கூத்தா? இரண்டு பின்சாய்கோடு, சர்வர் பெயர், சி டாலர் என்று கொடுத்தால் நேராக அந்த சர்வரின் சி டிரைவ். ஃபைலை எடு, எக்ஸ்எம்எல்லாகத் திற, தேடு. பத்து வரி. டிகாமும் வேண்டாம், பிளஸ்ஸும் வேண்டாம்.

பழையசர்வர் · 10 பிப்ரவரி 2021, காலை 9:58

எட்டிப்பார்த்ததற்கு நன்றி. அப்படிச் செய்தால் மூன்று இடத்தில் வழுக்கும்.

கனெக்ஷன்ஸ்ட்ரிங்ஸ் பகுதியில் கான்ஃபிக்சோர்ஸ் என்று எழுதி இன்னொரு ஃபைலைக் காட்டியிருந்தால், உங்கள் எக்ஸ்எம்எல்லில் ஒன்றும் இருக்காது. மேல் அடுக்கிலிருந்து மரபாக வந்திருந்தாலும் இருக்காது. மூன்றாவது, அந்தப் பகுதியை ஆர்எஸ்ஏ ப்ரொவைடர் கொண்டு என்கிரிப்ட் செய்திருந்தால் உங்களுக்குக் கிடைப்பது எழுத்துக் குப்பை. அந்தச் சாவி அந்த சர்வரின் கீ கன்டெய்னரில் இருக்கிறது, உங்கள் மெஷினில் இல்லை. சர்வர் பெயர் கொடுத்துத் திறக்கும்போது பூட்டைத் திறக்கும் வேலையை எதிர்ப் பக்கத்து ஆப்ஜெக்ட்டே அங்கேயே செய்து அனுப்புகிறது. இந்தக் கிழட்டு மெத்தடின் மேல் எனக்கு இன்னும் மரியாதை இருப்பது இதனால்தான்.

அதற்குச் செய்ய முடியாத ஒன்றும் உண்டு. தளத்தின் "பின்" என்ற பெயருள்ள ஃபோல்டரில் இருக்கும் டிஎல்எல்லில் சொந்தமாக ஒரு கான்ஃபிக் செக்ஷன் வகுப்பு எழுதியிருந்தால், அதைப் படிக்க அந்த டிஎல்எல் உங்கள் கன்சோல் பக்கத்திலும் இருக்க வேண்டும். கனெக்ஷன் ஸ்ட்ரிங், ஆப்செட்டிங்ஸ் மட்டும் என்றால் பிரச்சினை இல்லை.

கயல் · 10 பிப்ரவரி 2021, காலை 11:20

எல்லோரும் சொல்வது சரிதான். ஆனால் கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் போடலாம் என்று நினைக்கிறேன். கதிர், உங்கள் கன்சோலில் அந்த டொமைன் அட்மின் பாஸ்வேர்ட் எங்கே இருக்கிறது?

கதிர்_பொள்ளாச்சி · 10 பிப்ரவரி 2021, காலை 11:24

கோடிலேயே, அக்கா. இப்போதைக்கு மட்டும்தான்...

கயல் · 10 பிப்ரவரி 2021, மதியம் 12:15

"இப்போதைக்கு" என்று வைத்த பாஸ்வேர்டுகள்தான் கோடைச் சேமித்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் ஏறி ஐந்து வருடம் உட்கார்ந்திருக்கும். அந்த மெத்தட் பாஸ்வேர்டைச் சாதாரண ஸ்ட்ரிங்காகவே கேட்கிறது, அதை நாம் ஒன்றும் செய்ய முடியாது. குறைந்தபட்சம் ஓட்டும்போது கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பாஸ்வேர்டுக்குப் பதில் டோக்கன் வாங்கும் இன்னொரு வடிவம் இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் ரன்ஆஸ் கட்டளையை நெட்ஒன்லி ஆப்ஷனோடு ஓட்டி, அந்த விண்டோவிலிருந்து கன்சோலைத் தொடங்குங்கள். கோடில் யூசர்நேமே தேவைப்படாது. சர்வர் பெயர் மட்டும் வாங்கும் நான்கு பாராமீட்டர் வடிவமே போதும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. கான்ஃபிக்கை இங்கே இழுத்து வந்து படிப்பதற்குப் பதில், படிக்கிற கோடை அங்கே அனுப்புங்கள். பவர்ஷெல்லில் இன்வோக்-கமாண்ட், அதற்கு 14 சர்வர் பெயர், ஒரு கிரெடென்ஷியல். உள்ளே போகும் ஸ்கிரிப்ட் சிஸ்டம்.வெப்பை ஏற்றிக்கொண்டு இதே ஓபன்வெப்கான்ஃபிகரேஷனை அழைக்கட்டும், ஆனால் பாத், சைட் என்ற இரண்டே பாராமீட்டரோடு. அந்த சர்வரைப் பொறுத்தவரை அது உள்ளூர் அழைப்பு. அடுக்கும் கூடும், கான்ஃபிக்சோர்ஸும் வரும், என்கிரிப்ஷனும் அங்கேயே திறக்கும். பழையசர்வர் அண்ணா மெச்சுகிற எல்லாமே கிடைக்கும். கான்ஃபிக் பிளஸ் தேவையில்லை. ஃபயர்வாலில் 5985 என்ற போர்ட் ஒன்றே ஒன்று. சர்வர் 2012 முதல் அது இயல்பாகவே திறந்திருக்கிறது.

டொமைனில் இல்லாத அந்த மூன்றுக்கு மட்டும் உங்கள் பக்கத்தில் டிரஸ்டட்ஹோஸ்ட்ஸ் என்ற நம்பகப் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் 5986-இல் சான்றிதழோடு போக வேண்டும்.

முழு அட்மின் கொடுக்க மனமில்லை என்றால், ஜஸ்ட் இனஃப் அட்மினிஸ்ட்ரேஷன் என்று பவர்ஷெல் 5-இல் ஒரு வசதி இருக்கிறது. "இந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் அழைக்கலாம்" என்று ஒரு வாசல் வைத்துக் கொடுக்கலாம். டிகாம் பக்கத்தில் அப்படி ஒரு நடுவழியே கிடையாது. அட்மின், இல்லையென்றால் 80070005.

பழையசர்வர் · 10 பிப்ரவரி 2021, மதியம் 12:40

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. நான் இந்த மெத்தடைப் பழகியபோது பவர்ஷெல் ரிமோட்டிங் கிடையாது, அந்தப் பழக்கம்தான். இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவருக்கு உங்கள் வழியையே சொல்வேன். ஏற்கெனவே கட்டி வைத்த டூல் இருக்கிறவர்கள் மட்டும் டிகாமோடு மல்லுக்கட்டட்டும்.

கதிர்_பொள்ளாச்சி · 12 பிப்ரவரி 2021, இரவு 8:47

முடிந்தது. 11 சர்வரை டிகாமிலேயே படித்துவிட்டேன், திறந்த கதவு ஆயிற்றே. மூன்றை மட்டும் கயல் அக்கா வழியில். மொத்தம் 31 தளங்கள். இரண்டு இன்னும் பழைய டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஒன்று கான்ஃபிக்சோர்ஸ் கேஸ். வெப்.கான்ஃபிக்கில் கனெக்ஷன் ஸ்ட்ரிங் இல்லை என்று மாற்றியவர் தாண்டிப் போய்விட்டார், பக்கத்து ஃபைலில் இருந்தது. இன்னொன்று இன்னும் வேடிக்கை. அந்த அப்ளிகேஷனின் வெப்.கான்ஃபிக்கில் கனெக்ஷன் ஸ்ட்ரிங்ஸ் பகுதியே கிடையாது. சோர்ஸ் ப்ராப்பர்ட்டியை அச்சிட்டால் தளத்தின் வேரில் இருக்கும் வெப்.கான்ஃபிக்கைக் காட்டியது. அங்கே ஒரு காலத்தில் யாரோ எழுதி வைத்தது கீழே வரைக்கும் மரபாக வந்திருக்கிறது. அந்த வேர்த் தளம் வெறும் "விரைவில் வருகிறோம்" பக்கம். அதன் கான்ஃபிக்கை யார் பார்ப்பார்கள்?

இப்போது மேனேஜர் கேட்கிறார்: "படிக்கிறது சரி, இதே டூல் மாற்றியும் எழுதினால் என்ன?" சேவ் என்று ஒரு மெத்தட் இருக்கிறது. போடலாமா?

பழையசர்வர் · 12 பிப்ரவரி 2021, இரவு 9:15

வேலைநாள் பகலில் போடாதீர்கள். வெப்.கான்ஃபிக் மாறினால் அந்த அப்ளிகேஷன் மறுபடி தொடங்கும். செஷனை ப்ராசஸுக்குள்ளேயே வைத்திருந்தால் உள்ளே இருக்கிறவர்கள் எல்லோரும் லாகின் பக்கத்துக்குத் தூக்கி எறியப்படுவார்கள்.

சேவ் அழைக்கும்போது மோட் பாராமீட்டரை மாடிஃபைட் என்று வையுங்கள். ஃபுல் என்று வைத்து ஒருமுறை நான் பட்டேன். நாற்பது வரி இருந்த ஃபைல், மேல் அடுக்கிலிருந்து மரபாக வந்தவை எல்லாம் இறங்கி, ஸ்க்ரோல் செய்து முடியாத நீளத்துக்குப் போய்விட்டது. தளம் என்னவோ ஓடியது. ஆறு மாதம் கழித்து மெஷின் அளவில் ஒரு மாற்றம் செய்தபோது அந்தத் தளம் மட்டும் கேட்கவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள்.

---

வாடகை_சர்வர் · 17 மார்ச் 2023, காலை 10:02

பழைய இழையைக் கிளறுவதற்கு மன்னிக்கவும். இதே ஆறு பாராமீட்டர் மெத்தடில் எங்களிடம் ஒரு டூல் பல வருடமாக ஓடுகிறது. நான் எழுதியது இல்லை, எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இந்த வாரம் திடீரென்று எல்லா சர்வரிலும் அனுமதி மறுப்பு. பாஸ்வேர்ட் மாறவில்லை, ஃபயர்வால் மாறவில்லை, கான்ஃபிக் பிளஸ்ஸும் அப்படியே இருக்கிறது.

நள்ளிரவு_நிர்வாகி · 17 மார்ச் 2023, காலை 10:30

இந்த வாரம் பேட்ச் போட்டீர்களா? 14-ஆம் தேதி வந்தது? எதிர் சர்வரின் சிஸ்டம் லாகில் 10036 என்று ஒரு ஈவென்ட் இருக்கிறதா பாருங்கள்.

வாடகை_சர்வர் · 17 மார்ச் 2023, காலை 10:44

வரிசையாக இருக்கிறது. "ஆக்டிவேஷன் ஆதென்டிகேஷன் லெவலைக் குறைந்தது பேக்கெட் இன்டெக்ரிட்டி ஆக்குங்கள்" என்று சொல்கிறது.

நள்ளிரவு_நிர்வாகி · 17 மார்ச் 2023, காலை 11:10

அதேதான். 2021-இல் டிகாமில் கண்டுபிடித்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை மைக்ரோசாஃப்ட் மூன்று தவணையில் அடைத்தது. ஜூன் 2021-இல் வசதி மட்டும் வந்தது, இயல்பாக அணைந்திருந்தது. ஜூன் 2022-இல் இயல்பாகவே ஆன் ஆனது, ரெஜிஸ்ட்ரியில் 0 போட்டு அணைத்துக்கொள்ளலாம். இந்த மார்ச் 14 முதல் அணைக்கவே முடியாது. உங்கள் ஆள் போன வருடம் அந்த 0-வைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

டூல் ஓடும் மெஷின் எது? கிளையன்ட் பக்கத்தில் நவம்பர் 2022 பேட்ச் இருந்தால் விண்டோஸே லெவலைத் தானாக உயர்த்தி அனுப்பும், கோடைத் தொட வேண்டியதில்லை.

வாடகை_சர்வர் · 17 மார்ச் 2023, காலை 11:16

சர்வர் 2008 ஆர்2.

நள்ளிரவு_நிர்வாகி · 17 மார்ச் 2023, காலை 11:18

2020 ஜனவரியோடு சப்போர்ட் முடிந்த மெஷின். காசு கட்டி நீட்டிக்காத வரைக்கும் அதற்கு எந்தப் பேட்ச்சும் வந்திருக்காது. டூலை அப்படியே தூக்கி, பேட்ச் ஆன வேறு ஒரு மெஷினில் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

வாடகை_சர்வர் · 17 மார்ச் 2023, மாலை 4:50

ஓடிவிட்டது. ஒரு வரி கோடு மாற்றவில்லை. ரெஜிஸ்ட்ரியில் நீங்கள் சொன்ன அந்த 0-வும் இருந்தது, எல்லா சர்வரிலும். எடுத்துவிட்டேன்.

அந்த 2008 ஆர்2-வை அணைக்க டிக்கெட் போட்டிருக்கிறேன். அதில் வேறு என்னென்ன ஓடுகிறது என்று கேட்டு ஒரு மெயில் அனுப்பினேன். இதுவரை மூன்று பேர் பதில் எழுதியிருக்கிறார்கள், மூவருமே "அணைக்காதீர்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்கிறார்கள்.